டாங்கிள் போட்ட சி.டி. வேடம்: லினக்ஸ் கெர்னலுக்கு வெளியே தீர்ந்த ஒரு சிக்கல்

சென்னைக்குத் தெற்கே, சேலையூருக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில், வேளச்சேரி சாலையை ஒட்டி இருக்கிறது செம்பாக்கம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்த ஐந்து நகராட்சிகளில் இதுவும் ஒன்று. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஒவ்வொரு நகராகப் புது மனைகள் முளைத்துக்கொண்டிருந்தன. வீடு வந்த எல்லா இடத்துக்கும் தொலைபேசிக் கம்பி வந்துவிடவில்லை. வந்த இடத்திலும், வாடகை அறையில் நாலு பேராகத் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்குத் தரைவழி இணைப்பு வாங்குவது தோதுப்படவில்லை. அடுத்த வருடம் எந்தத் தெருவில் இருப்போம் என்று தெரியாதவர்கள் அவர்கள்.

இவர்களுக்காகவே வந்தது போல வந்தது டாங்கிள். கட்டைவிரல் நீளத்தில், யூ.எஸ்.பி. துளையில் செருகினால் இணையம் தரும் மோடம். ரிலையன்ஸ் நெட்கனெக்ட், டாடா போட்டான் பிளஸ், 2009 நவம்பரில் அறிமுகமான எம்.டி.எஸ். எம்பிளேஸ் எல்லாம் சி.டி.எம்.ஏ. வகை. பி.எஸ்.என்.எல். 2009 பிப்ரவரியில் சென்னையில் 3ஜி சேவையைத் தொடங்கியது. 2010 ஏலத்தில் தமிழ்நாட்டுக்கான 3ஜி அலைக்கற்றையை ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் ஆகிய மூன்றும் எடுத்தன. 2011 முதல் அவர்களுடைய டாங்கிள்களும் கடைக்கு வந்தன. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருந்த கருவி பெரும்பாலும் ஹுவாவே அல்லது இசட்.டி.இ. என்ற இரண்டு சீன நிறுவனங்களில் ஒன்று செய்ததாக இருந்தது.

விண்டோஸ் கணினியில் இது சிரமமே இல்லாத பொருள். செருகினால் தானாக ஒரு ஜன்னல் திறக்கும், நாலு முறை 'நெக்ஸ்ட்' அமுக்கினால் முடிந்தது. லினக்ஸ் வைத்திருந்தவர் செருகினால் வேறு ஒன்று நடந்தது. திரையில் ஒரு சி.டி. படம் வரும். அதைத் திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான இன்ஸ்டாலர் இருக்கும். மோடம் எங்கே? மோடமே இல்லை. கணினியைப் பொறுத்தவரை செருகப்பட்டது ஒரு சி.டி. டிரைவ், அவ்வளவுதான்.

மோடமாக இருக்க வேண்டியது ஏன் சி.டி.யாக வந்தது, அதை மோடமாக மாற்றும் வேலையை யார் செய்தார்கள், அந்த வேலை லினக்ஸ் கெர்னலுக்குள் இல்லாமல் வெளியே ஏன் போனது என்பதைப் பார்ப்போம். சின்ன விஷயம் போலத் தோன்றினாலும் இதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யார் தீர்மானிப்பது என்பதே அது.

வேடம் ஏன்?

யூ.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் செருகியவுடன் கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரித்த நிறுவனத்தின் எண், இன்னொன்று அந்தக் கருவியின் எண். கூடவே 'நான் சேமிப்புக் கருவி', 'நான் விசைப்பலகை' என்று தன் இனத்தையும் சொல்லும். அதை நம்பித்தான் இயங்குதளம் பொருத்தமான டிரைவரைக் கொடுக்கிறது.

2000-களின் நடுவில் மோடம் செய்தவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. விண்டோஸில் இந்த மோடம்களுக்கான டிரைவர் கூடவே வருவதில்லை. தனியாக சி.டி. ஒன்று கொடுக்க வேண்டும். அந்த சி.டி. தொலைந்துபோகும். சின்ன மடிக்கணினிகளில் சி.டி. டிரைவே இருக்காது. வாடிக்கையாளர் சேவை மையத்துக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி வரும்.

இதற்கு பெல்ஜியம் நாட்டின் ஆப்ஷன் என்ற நிறுவனம் கொண்டுவந்த தீர்வுக்குப் பெயர் 'ஜீரோ சி.டி.'. மோடத்துக்குள்ளேயே கொஞ்சம் நினைவகம் வைத்து, அதில் டிரைவரை எழுதிவிட்டார்கள். செருகியவுடன் கருவி தன்னை ஒரு சி.டி. டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸின் ஆட்டோரன் வசதி அந்த 'சி.டி.'யில் உள்ள இன்ஸ்டாலரைத் தானாக ஓட்டும். டிரைவர் கணினியில் ஏறியதும், அது கருவிக்கு ஒரு ரகசியக் கட்டளை அனுப்பும். கருவி ஒரு கணம் யூ.எஸ்.பி.யிலிருந்து விலகி, வேறு எண்ணோடு, இந்த முறை மோடமாகத் திரும்பி வரும். சியரா வயர்லெஸ் நிறுவனம் இதையே 'ட்ரூ இன்ஸ்டால்' என்று அழைத்தது. ஹுவாவே 2006-இல் கொண்டுவந்த ஈ220 என்ற மோடம் பல நாடுகளில் விற்றது, அதிலும் இந்த ஏற்பாடு இருந்தது.

பென் டிரைவ் வேடம் போடாமல் சி.டி. வேடம் போட்டதற்கும் காரணம் உண்டு. பென் டிரைவ் வழியாக வைரஸ் பரவியதால், மைக்ரோசாஃப்ட் பின்னாளில் பென் டிரைவ்களுக்கு ஆட்டோரனை நிறுத்தியது. சி.டி.க்கு நிறுத்தவில்லை. ஆகவே சி.டி. வேடம் போட்டவை தப்பித்தன.

விண்டோஸ் பயனாளிக்கு இது நல்ல யோசனைதான். ஆனால் அந்த ரகசியக் கட்டளை என்ன என்பதை நிறுவனங்கள் பொதுவில் எழுதி வைக்கவில்லை. விண்டோஸுக்கான டிரைவருக்கு மட்டும் அது தெரியும். வேறு இயங்குதளம் வைத்திருந்தவர்கள் பூட்டிய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

கையால் திறந்த பூட்டு

சுவையான விஷயம் என்னவென்றால், வேடம் கலைந்த பிறகு லினக்ஸுக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. இந்த மோடம்களில் பெரும்பாலானவை உள்ளுக்குள் பழைய சீரியல் மோடம் மாதிரிதான் பேசும். மத்தியாஸ் உர்லிக்ஸ் 2005-இல் எழுதிய 'ஆப்ஷன்' டிரைவர் கெர்னலில் ஏற்கெனவே இருந்தது. மோடமாக வந்துவிட்டால் அந்த டிரைவர் பிடித்துக்கொள்ளும். டபிள்யூ.வி.டயல் என்ற நிரலில் சி.டி.எம்.ஏ. டாங்கிளுக்கு #777, 3ஜி டாங்கிளுக்கு *99# என்று எண்ணைக் கொடுத்தால் இணையம் வந்துவிடும்.

தடை அதற்கு முந்தைய படியில் இருந்தது. கருவி தன்னை சி.டி. என்று சொன்னவுடன் கெர்னலின் சேமிப்பு டிரைவர் அதை நம்பிப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆரம்ப காலத்தில் புழங்கிய வைத்தியம் அந்தச் சேமிப்பு டிரைவரைக் கையால் கழற்றிவிட்டு, பொதுவான சீரியல் டிரைவரிடம் கருவியின் எண்களைக் கொடுத்து ஏற்றுவது. சில டாங்கிளுக்கு இது வேலை செய்யும், சிலதுக்குச் செய்யாது. சேமிப்பு டிரைவரைக் கழற்றிவிட்டால் பென் டிரைவும் வேலை செய்யாது! இன்னொரு வைத்தியம், அந்த 'சி.டி.'யை எஜெக்ட் செய்வது. சில மாடல்கள் சி.டி.யை வெளியே எடுக்கச் சொன்னதுமே மோடமாக மாறிவிடும்.

ஈ220-க்கு மட்டும் என்று 2006-இலேயே சின்னச் சின்ன சி நிரல்கள் வந்தன. ஒரு மாடலுக்கு ஒரு நிரல். புது மாடல் வந்தால் புது நிரல் எழுத வேண்டும். அப்படி எழுதவும் ரகசியக் கட்டளை தெரிய வேண்டுமே. அதற்கு விண்டோஸ் கணினியிலேயே ஒட்டுக்கேட்டார்கள். ஸ்னிஃப் யூ.எஸ்.பி. போன்ற நிரலை ஓடவிட்டு, டாங்கிளைச் செருகி, டிரைவர் என்ன அனுப்புகிறது என்பதைப் பதிவு செய்வார்கள். ஆயிரக்கணக்கான வரிகள் வரும். அதில் எந்த வரிக்குப் பிறகு கருவி காணாமல் போனது என்று தேடினால், அதற்குச் சற்று முன்னால் உள்ளதுதான் சாவி.

கெர்னலுக்குள் முதல் முயற்சி

டிரைவர் என்றாலே கெர்னலுக்குள் இருக்க வேண்டும் என்பது லினக்ஸின் வழக்கம். ஆகவே இந்த மாற்று வேலையையும் முதலில் அங்கேதான் வைத்தார்கள். கெர்னலின் சேமிப்பு டிரைவரில் 'வழக்கத்துக்கு மாறான கருவிகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. விதிப்படி நடக்காத பென் டிரைவ், கேமரா போன்றவற்றுக்கான சலுகைகள் அதில் எழுதப்பட்டிருக்கும். 2007 வாக்கில் ஹுவாவே ஈ220 அந்தப் பட்டியலில் ஏறியது. செருகியவுடன் கெர்னலே கட்டளை அனுப்பி அதை மோடமாக்கிவிடும். ஆப்ஷன், சியரா நிறுவனங்களின் கருவிகளுக்கும் கெர்னலுக்குள் தனிக் கோப்புகள் சேர்ந்தன.

பயனாளிக்கு இது சொர்க்கம் போலத் தெரியும். எதையும் நிறுவ வேண்டாம், செருகினால் போதும். ஆனால் சிக்கல் எண்ணிக்கையில் வந்தது. ஹுவாவே நிறுவனத்தார் அனுப்பிய ஒரு தொகுப்பில் பதினாறடிமான எண்ணில் 1401 தொடங்கி 143எஃப் வரை 63 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவாக, பட்டியலில் ஏறின. அத்தோடு நிற்கவில்லை. ஈ1550 போன்ற அடுத்த மாடல்கள் 1446 என்று அந்த வரிசையைத் தாண்டிய எண்ணோடு வந்தன. பட்டியல் நீண்டுகொண்டே போனது, மாடல்கள் அதைவிட வேகமாக வந்துகொண்டிருந்தன.

கெர்னல் புதுப் பதிப்பு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அது உபுண்டு, டெபியன் போன்ற வழங்கல்களில் சேர்ந்து பயனாளியின் கணினிக்கு வர இன்னும் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். தாம்பரம் கடையில் இன்று வாங்கிய டாங்கிள் அடுத்த வருடக் கெர்னலில்தான் வேலை செய்யும் என்றால் அதை எதற்கு வாங்குவது? பொறுமை இல்லாதவர் கெர்னலைத் தானே கம்பைல் செய்ய வேண்டும். ஒரு எண்ணைச் சேர்ப்பதற்காக ஒரு இயங்குதளத்தின் அஸ்திவாரத்தையே தோண்டிப் போடுவது போன்ற வேலை அது.

முப்பத்தோரு பைட் சாவி

ஜெர்மனியைச் சேர்ந்த ஜோசுவா டீட்ஸே 2007-இல் யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்ற நிரலை எழுதத் தொடங்கினார். ஒட்டுக்கேட்ட பதிவை நிரலாக மாற்றித்தரும், டிமோ லிண்ட்ஃபோர்ஸ் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் அவருக்குத் தொடக்கத்தில் உதவியது. இந்த நிரல் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்கள் ஓடும் பயனர்வெளியில் ஓடுகிறது. லிப்யூ.எஸ்.பி. என்ற நிரலகத்தின் மூலம் கருவியோடு நேரடியாகப் பேசுகிறது. முதலில் கெர்னலின் சேமிப்பு டிரைவரைக் கருவியிலிருந்து பிரித்துவிடும். பிறகு கட்டளையை அனுப்பும். அதன் பிறகு கருவி புது எண்ணோடு திரும்பி வருகிறதா என்று பார்க்கும்.

அந்தக் கட்டளை பெரும்பாலும் 31 பைட் நீளம். யூ.எஸ்.பி. சேமிப்புக் கருவிகளுக்கு எந்தக் கட்டளை அனுப்பினாலும் அதைப் போட்டு அனுப்பும் உறைக்கு அதுதான் விதிக்கப்பட்ட அளவு. முதல் நான்கு பைட்டுகள் யூ, எஸ், பி, சி என்ற நான்கு எழுத்துகளைக் குறிக்கும் 55, 53, 42, 43. அதற்குப் பின்னால் வருவதுதான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சாவி. பல இசட்.டி.இ. மாடல்களில் அது 'சி.டி.யை எஜெக்ட் செய்' என்ற சாதாரணக் கட்டளையேதான். ஹுவாவேயின் பல மாடல்களில் 11, 06, 20 என்று தொடங்கும் அவர்களுடைய சொந்தக் கட்டளை.

டீட்ஸே செய்த முக்கியமான வேலை இந்த நிரலை எழுதியது மட்டுமில்லை. சாவிகளை நிரலுக்குள் எழுதாமல் வெளியே வைத்ததுதான். ஒவ்வொரு கருவிக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று. அதில் நாலைந்து வரிகள்: வேடத்தில் இருக்கும்போது எண் என்ன, வேடம் கலைந்த பின் எண் என்ன, அனுப்ப வேண்டிய செய்தி என்ன. ஈ1550 என்றால் 1446-ஆக வந்தது 1001-ஆக மாற வேண்டும், அதற்கு இந்தச் செய்தியை அனுப்பு, அவ்வளவுதான். நோட்பேடில் திருத்தக்கூடிய விஷயம். பின்னர் இந்தத் தரவுக் கோப்புகள் தனித் தொகுப்பாகவே பிரிக்கப்பட்டன. நிரல் மாறாமலே தரவு மட்டும் புதுப்பிக்கப்படலாம்.

செருகியதும் தானாக நடக்க யூடெவ் உதவியது. கருவி ஒன்று செருகப்பட்டால் கெர்னல் யூடெவுக்குச் சொல்லும். யூடெவ் அந்த எண்ணைத் தன் விதிகளில் தேடும், கிடைத்தால் மோட்ஸ்விட்ச் நிரலை எழுப்பும். அது உரிய கோப்பைப் படித்துச் சாவியைப் போடும். மோடம் எழுந்து வந்ததும் மோடம் மேனேஜர், நெட்வொர்க் மேனேஜர் ஆகியவை அதை எடுத்துக்கொள்ளும். சில நொடிகளில் 'மொபைல் பிராட்பேண்ட்' என்று மேசைத்திரையில் தெரியும். கெர்னலில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

இதன் விளைவைக் கவனியுங்கள். கெர்னலுக்கு ஒட்டு அனுப்ப சி மொழி தெரிய வேண்டும், அதன் நடைமுறை தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் வாதாடத் தெரிய வேண்டும். இங்கேயோ தன் டாங்கிளின் இரண்டு எண்களையும் ஒரு வரிச் செய்தியையும் அனுப்பத் தெரிந்தால் போதும். எந்த ஊர்க் கடையில் புது மாடல் வந்தாலும் அதை வாங்கிய முதல் ஆள் சாவியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், மறுநாள் உலகத்தில் எல்லாருக்கும் அது பயன்படும். நிரலின் தலைப்பில் உள்ள நன்றிப் பட்டியலில் பல நாட்டுப் பெயர்கள் இருக்கின்றன. இந்தியப் பெயரும் அதில் உண்டு.

நம் ஊரில்

தமிழ்நாட்டில் லினக்ஸ் அப்போது ஒரு சிலரின் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990-களின் இறுதியிலிருந்தே கூடி வந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும், சென்னை சி-டாக்கும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. சி-டாக் 2007-இல் போஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, எல்காட் வாங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டில் முதன்முதலாகக் கணினி பார்த்த பிள்ளைகளின் கையில் லினக்ஸ் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இணையம் இல்லாத லினக்ஸை வைத்துக்கொண்டு அதிகம் செய்ய முடியாது. விண்டோஸுக்கு வேண்டிய நிரலை சி.டி.யில் நண்பரிடமிருந்து வாங்கலாம். லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் இணையக் களஞ்சியத்திலிருந்து வருவது. தமிழ் எழுத்துருவோ, விசைப்பலகையோ, ஒலி-ஒளிக் கோடெக்கோ, எதுவானாலும் இணையம் வேண்டும். டாங்கிள் ஓடவில்லை என்றால் அந்தப் பிள்ளை மறுபடி விண்டோஸைத் திறந்துகொள்ளும், போஸ் லினக்ஸ் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அரசாங்கம் கொடுத்த ஒரு சுதந்திரம் 31 பைட் தெரியாததால் வீணாகும் நிலை.

இதில் ஒரு வேடிக்கையான முடிச்சும் இருந்தது. மோட்ஸ்விட்ச் முன்கூட்டியே நிறுவப்படாத கணினியில் அதை நிறுவ இணையம் வேண்டும். இணையம் வேண்டுமென்றால் மோட்ஸ்விட்ச் வேண்டும்! பிரவுசிங் சென்டருக்குப் பென் டிரைவோடு போய்த் தொகுப்பை இறக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து நிறுவினால் அது டி.சி.எல். மொழி இல்லை என்று சொல்லும், ஏனென்றால் மோட்ஸ்விட்ச் நிரலின் ஒரு பகுதி அந்த மொழியில் எழுதப்பட்டது. திரும்பவும் பிரவுசிங் சென்டர். டி.சி.எல். வேண்டாம் என்று ஜிம் என்ற சின்ன மொழிபெயர்ப்பியை நிரலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும் வழி பின்னர் வந்ததற்கு இத்தகைய சிரமங்களும் காரணம் என்று புரிந்துகொள்ளலாம். கிரீஸ் நாட்டு சாகிஸ் டிமோபுலோஸ் எழுதிய சாகிஸ்3ஜி என்ற ஸ்கிரிப்டும் இந்த வகையில் கைகொடுத்தது. வேடம் கலைப்பதிலிருந்து டயல் செய்வது வரை எல்லாம் அதில் ஒரே கோப்பில் அடங்கியிருந்தன.

2013-இல் வந்த சோதனை

வெளியே வைத்த ஏற்பாடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது 2013-இன் தொடக்கத்தில் ஒரு திருப்பம் வந்தது. ஹுவாவேயின் பொறியாளர் ஒருவர் கெர்னலுக்கு ஒரு மாற்றம் அனுப்பினார். ஒவ்வொரு எண்ணாகப் பட்டியலிட வேண்டாம், ஹுவாவேயின் சேமிப்புக் கருவி எது வந்தாலும் கெர்னலே பார்த்து மோடமாக மாற்றிவிடட்டும் என்பது அதன் சாரம். கருவியைச் செய்த நிறுவனமே முன்வந்து உதவுகிறது, பட்டியல் நீளும் தொல்லையும் தீர்கிறது. கெர்னலில் அது சேர்க்கப்பட்டது.

சேர்த்த பிறகு என்ன நடந்தது? ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை சில உடைந்தன. நார்வேயைச் சேர்ந்த பியோர்ன் மோர்க், லினக்ஸில் மொபைல் மோடம் டிரைவர்கள் பலவற்றை எழுதியவர், அதே ஆண்டு மார்ச்சில் அந்த மாற்றத்தைத் திருப்பி எடுக்கும் ஒட்டை அனுப்பினார். அதோடு அவர் எழுதிய விளக்கத்தில் மூன்று காரணங்கள் சொன்னார்.

முதலாவது, சில கருவிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மோடம் வடிவங்கள் உண்டு. ஒரு கட்டளை அனுப்பினால் பழைய சீரியல் மோடமாக வரும், இன்னொன்று அனுப்பினால் வேகமான வலைப்பின்னல் கருவியாக வரும். எது வேண்டும் என்று பயனாளி தன் கோப்பில் எழுதி வைத்திருந்தார். கெர்னல் முந்திக்கொண்டு தனக்குத் தெரிந்த ஒன்றை அனுப்பியதில் அந்தத் தேர்வு போயிற்று.

இரண்டாவது, சிலருக்கு மோடமே வேண்டாம், அந்தச் சேமிப்புப் பகுதிதான் வேண்டும். கெர்னல் கட்டாயமாக மாற்றினால் அவர்களுக்கு வழியே இல்லை.

மூன்றாவது, குறைந்தது ஒரு கருவியாவது கெர்னலின் கட்டளையைப் பெற்றதும் குழம்பிப்போய், அதன் பிறகு எந்த வழியிலும் மோடமாக மாற மறுத்தது. கருவியின் உள்நிரலில் உள்ள பிழையாக இருக்கலாம். ஆனால் வெளியே இருந்த நிரலோடு அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்ததே!

மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. அத்தோடு கெர்னலின் அந்தப் பட்டியல் கோப்பின் தலையில் ஒரு குறிப்பும் எழுதப்பட்டது. வேடம் மாற்றுவதற்காக மட்டும் இனி இங்கே யாரும் புதுக் கருவியைச் சேர்க்க வேண்டாம், கெர்னலுக்கு வெளியே உள்ள தீர்வுகளே மேலானவை, புதுக் கருவிகளை மோட்ஸ்விட்ச் தரவுத்தளத்துக்கு அனுப்புங்கள் என்பது அதன் பொருள். கெர்னல் தன் சொந்த வீட்டு வாசலில் 'அடுத்த வீட்டில் கேளுங்கள்' என்று பலகை மாட்டியது அபூர்வமான காட்சி.

வழியும் முடிவும்

யுனிக்ஸ் உலகில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வேலையைச் செய்யும் வழியைக் கெர்னல் கொடுக்க வேண்டும், அந்த வழியை எப்போது எதற்குப் பயன்படுத்துவது என்ற முடிவை வெளியே விட வேண்டும். ரோடு போடுவது நகராட்சியின் வேலை. எந்த வீட்டுக்கு யார் போக வேண்டும் என்று ரோடு சொல்லக்கூடாது. கருவிகளுக்குப் பெயர் வைக்கும் வேலையும் இப்படித்தான் ஒரு காலத்தில் டெவ்எஃப்.எஸ். என்ற பெயரில் கெர்னலுக்குள் இருந்து, பின்னர் யூடெவ் என்று வெளியே வந்தது.

எல்லாவற்றையும் வெளியே தள்ளுவதுதான் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. கருவிகளுக்கான உள்நிரலை ஏற்றும் வேலை நேர்மாறாக, வெளியே இருந்து உள்ளே போனது. 2012 இறுதியில் வந்த 3.7 பதிப்பிலிருந்து கெர்னலே அதை நேரடியாகப் படிக்கிறது. அங்கே பயனாளி எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை, வெளியே சுற்றிவந்ததால் தாமதமும் குழப்பமும்தான் மிச்சம். டாங்கிள் விஷயம் அப்படி இல்லை. அங்கே இரண்டு வேறுபாடுகள் இருந்தன. மாதத்துக்கு மாதம் மாறும் தகவல் அது. கூடவே, ஆளுக்கு ஆள் மாறும் விருப்பமும் அதில் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்த வேலை கெர்னலுக்குள் இருந்தால், அவசரத்துக்குக் கெர்னல் ஈடுகொடுக்காது, விருப்பத்துக்கு இடம் கொடுக்காது.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. உள்ளே இருந்திருந்தால் எதையும் நிறுவாமல் ஓடியிருக்கும். வெளியே இருந்ததால் அதை நிறுவ ஒருவர் பென் டிரைவோடு அலைய வேண்டியிருந்தது. வழங்கல்கள் மோட்ஸ்விட்சைத் தாங்களாகவே சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த விலை குறைந்தது. கெர்னலுக்கு வெளியே வைப்பது என்றால் யாரோ ஒருவர் அதைத் தொடர்ந்து பராமரித்து, எல்லார் கைக்கும் போய்ச் சேர்க்க வேண்டும் என்பதையும் இந்தக் கதை சொல்கிறது.

வேடம் தொடர்கிறது

டாங்கிள் காலம் நீடிக்கவில்லை. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்ததில் எம்.டி.எஸ். பெரிதும் அடிபட்டது. 2017-இல் அது ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணைந்தது. அந்த ஆண்டு இறுதியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸின் மொபைல் சேவையும் முடிவுக்கு வந்தது. டாடாவின் மொபைல் வணிகம் 2019 ஜூலையில் ஏர்டெல்லோடு சேர்ந்தது. அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, தரவின் விலையைத் தரைக்கு இறக்கியிருந்தது. போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளும்போது தனி டாங்கிள் எதற்கு? செம்பாக்கத்து அறைகளில் அவை மேசை இழுப்பறைக்குள் போய்விட்டன.

மோட்ஸ்விட்ச் மட்டும் ஓய்வு பெறவில்லை. இன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் யூ.எஸ்.பி. வை-ஃபை அடாப்டர்களில் ரியல்டெக் சிப் கொண்ட பல, செருகியதும் தம்மை ஒரு சி.டி. டிரைவ் என்று சொல்லிக்கொள்கின்றன. உள்ளே இருப்பது விண்டோஸ் டிரைவர். அதே பழைய நாடகம்! அந்தச் சிப்களில் சிலவற்றுக்கு 2023-இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. ஆனால் வேடத்தைக் கலைக்கும் வேலை இன்னமும் வெளியேதான் நடக்கிறது, அதே மோட்ஸ்விட்ச், அதே நாலைந்து வரிக் கோப்பு.

நிறுவனங்கள் அந்த 31 பைட்டைப் பெட்டியின் மேல் அச்சடித்திருந்தால் இத்தனை பாடும் தேவைப்பட்டிருக்காது. அவர்கள் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு, ஒட்டுக்கேட்டு, ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவருக்குச் சொல்லி, முகம் தெரியாத மனிதர்கள் ஒரு பட்டியலைச் சேர்த்தார்கள். சி மொழி தெரியாதவரும் ஒரு வரி சேர்க்கக்கூடிய இடத்தில் அந்தப் பட்டியலை வைத்ததால்தான் அது வளர்ந்தது.